சீனாவின் தறியும் சாயமும்: குழுப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷாங்காயில் இறங்கி, சூச்சௌ, நான்ஜிங், ஹாங்சௌ பார்த்துவிட்டு, குவேய்சௌ மாகாணத்து மலை ஊர்களில் ஆறு நாள் தங்கி, க்வாங்சௌவில் விமானம் ஏறுகிறோம். மொத்தம் 13 இரவு, 14 பேர். போன் செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கெல்லாம் பதில் கீழே. சில பதில்கள் நீளம். துணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்களுக்கு நிறுத்த வராது.

சீனா வரைக்கும் போய்ப் பெருஞ்சுவர் பார்க்காமல் திரும்புவதா?

ஆமாம். பெய்ஜிங்கும் இல்லை, சியான் மண் வீரர்களும் இல்லை. ஒரு நாள் முழுக்க இரண்டு பேர் உட்கார்ந்து நெய்தாலும் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் நகரும் தறி ஒன்றைப் பார்க்கப் போகிறோம். அதை இருபது நிமிஷம் பார்த்துவிட்டு பஸ் ஏறினால் பார்த்ததாகவே ஆகாது. ஊர்களைக் குறைத்து, ஒவ்வொரு பட்டறையிலும் அரை நாளாவது உட்காருகிற மாதிரிதான் திட்டம் போட்டிருக்கிறோம். சுவர் எங்கேயும் போய்விடாது, அதற்குத் தனியாக ஒரு முறை போய்க்கொள்ளலாம்.

எனக்கு நெசவைப் பற்றி ஒன்றுமே தெரியாது. வரலாமா?

தாராளமாக. நீளவாக்கில் தறியில் கட்டியிருப்பது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. இது தெரிந்தால் போதும், மீதியைத் தறி முன்னால் நின்று கற்றுக்கொள்ளலாம். இதுவரை வந்தவர்களில் பாதிப் பேர் துணிக்கடைக்குப் போவதோடு சரி என்கிற ரகம்.

நான்ஜிங் தறியைப் பற்றி இவ்வளவு சொல்கிறீர்களே, அதில் என்ன விசேஷம்?

நான்ஜிங்கில் நெய்வதற்கு யூன்ஜின் என்று பெயர். மேகப் பட்டு என்று சொல்லலாம், மேகத்தின் வண்ணம்போல மின்னுவதால் வந்த பெயர். 2009-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மிங், சிங் அரசர்களின் டிராகன் அங்கிகளுக்கான துணி இந்த வகைத் தறியில் இறங்கியதுதான். சிங் காலத்தில் அரண்மனைக்குத் துணி நெய்யவென்றே நான்ஜிங், சூச்சௌ, ஹாங்சௌ என்று மூன்று ஊரில் அரசு நெசவுக்கூடங்கள் இருந்தன. நம் பயணத்தின் முதல் பாதி இந்த மூன்று ஊர்களுக்குள்ளேதான் சுற்றுகிறது.

தறி 5.6 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம். மாடி வைத்த வீடு மாதிரி நிற்கும். மேலே மரச்சட்டத்தில் ஒருவர், கீழே ஒருவர். மேலே இருப்பவர் எதிரே தொங்கும் நூல் கொத்தில் குறிப்பிட்ட கயிறுகளைத் தன் பக்கம் சேர்த்து இழுக்க, அவற்றோடு கட்டிய பாவு இழைகள் மட்டும் எழும்பும். அந்த இடைவெளியில் கீழே இருப்பவர் ஊடையைக் கொடுப்பார். சிவப்புப் பூவுக்கு ஒரு சிறு நூல்கண்டு, அதன் காம்புப் பச்சைக்கு வேறொன்று, நடுவில் தங்க இழை. சில துணிகளில் மயிலிறகைப் பிரித்து முறுக்கிய நூலும் உண்டு.

முதலில் கண்ணில் படுவது தங்கம்தான். நீங்கள் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டியது அந்த நூல் கொத்தை. வரைந்த டிசைனை இழை இழையாக எண்ணி, எந்தக் கயிறு எப்போது எழ வேண்டும் என்பதை முடிச்சுகளாகக் கட்டி வைத்திருப்பார்கள். டிசைன் இருப்பது காகிதத்தில் இல்லை, நூலில். பிரான்சில் ஜக்கார்டு 1804-இல் துளையிட்ட அட்டையை வைத்துச் செய்ததை இங்கே ஒரு மனிதர் கயிறு இழுத்துச் செய்கிறார். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி ஏறி இறங்கப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கிவிடும்: அந்தப் பெட்டி இருக்கும் இடத்தில் இங்கே ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

யூன்ஜின் அருங்காட்சியகத்தை ஒட்டியே 1937 நான்ஜிங் படுகொலையின் நினைவிடமும் இருக்கிறது. விரும்பினால் பிற்பகலில் போகலாம், நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை. போவதென்றால் தறியைப் பார்த்த பிறகு போங்கள். முதலில் அங்கே போனவர்களுக்கு அப்புறம் தறியில் மனம் நின்றதில்லை.

சூச்சௌவில் நெசவா, தையலா?

இரண்டும். நெசவில் கஸ்ஸ என்றொன்று இருக்கிறது. ஊடை துணியின் அகலம் முழுக்கப் போகாது. இலை இருக்கும் இடத்தில் மட்டும் பச்சை இழை போய்த் திரும்பும், பக்கத்துப் பூவில் வேறு இழை திரும்பும். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் மெல்லிய பிளவு விழும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உருவங்களைச் சுற்றிக் கத்தியால் கீறிய மாதிரி கோடு தெரியும். ‘வெட்டிய பட்டு’ என்று சொல்வது அதனால்தான், யாரும் எதையும் வெட்டுவதில்லை. ‘ஓர் அங்குலக் கஸ்ஸ, ஓர் அங்குலப் பொன்’ என்பது அவர்கள் பழமொழி. சொங் காலத்தில் ஓவியங்களையே இப்படி நெய்தார்கள்.

தையலுக்கு தாய் ஏரிக் கரையில் இருக்கும் சென்ஹூ ஊருக்குப் போகிறோம். தெரு நெடுகத் தையல் சட்டங்கள்தான். ஒரு பட்டு இழையை எடுத்து, விரல் நகத்தால் இரண்டாக, நாலாக, எட்டாக, பதினாறாகப் பிரிக்கிறார்கள். பூனையின் மீசையைத் தைப்பது அந்தப் பதினாறில் ஒன்றால். தங்கமீன் வாலும் அப்படித்தான், துணிக்கு மேலே தண்ணீர் நிற்கிற மாதிரி இருக்கும். இருபுறத் தையல் என்று ஒரு வகை உண்டு. ஒரே துணி, ஒரே ஊசி, முன்னும் பின்னும் ஒரே பூனை, முடிச்சு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. முடிச்சுப் போடாமல் இழை நுனியைத் தையலுக்குள்ளேயே மறைத்துவிடுகிறார்கள். நாங்கள் போகும் வீட்டில் பிரித்த இழையை உங்கள் உள்ளங்கையில் வைப்பார்கள். பேசிவிடாதீர்கள், மூச்சுக்கே பறந்துவிடும்.

இந்தக் கலையில் ஷென் ஷோ (1874–1921) என்ற பெண்மணியின் பெயரை எல்லோரும் சொல்வார்கள். மேற்கத்திய ஓவியத்தின் ஒளி, நிழலைப் பட்டுத் தையலுக்குள் கொண்டுவந்தவர். நோயில் படுத்திருந்தபோது தன் தையல் முறைகளை வாயால் சொல்ல, தொழிலதிபர் சாங் ஜியென் எழுதிக்கொண்டார்; 1919-இல் அது புத்தகமானது.

நடுவில் ஒரு மாலை வாங்ஷி தோட்டத்துக்கு, அதாவது வலைக்காரர் தோட்டத்துக்கு. சூச்சௌ தோட்டங்களில் பெரியதற்குத்தான் கூட்டம் போகும். நாங்கள் இந்தச் சின்னதைத்தான் காட்டுகிறோம்.

பட்டுப்புழுவிலிருந்து துணிவரை முழுசாகப் பார்க்க முடியுமா?

வசந்தப் பயணத்தில் முடியும். ஹாங்சௌ, ஹூச்சௌ பக்கத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை புழு வளர்ப்பு நடக்கும். சுமார் நாலு வாரம் மல்பெரி இலை தின்று, நாலு முறை தோல் உரித்து, பிறகு கூடு கட்டும். ஒரு கூட்டில் ஒரே இழையாக ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இருக்கும். நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரு தட்டில் இலை தின்னும் சத்தம் ஓட்டுக் கூரையில் தூறல் விழுகிற மாதிரியே கேட்கும்.

இலையுதிர் காலத்தில் வருகிறவர்களுக்கு ஹாங்சௌவில் இருக்கும் தேசியப் பட்டு அருங்காட்சியகம். 1992-இல் திறந்தது, கட்டணம் இல்லை. அரை நாள் ஒதுக்கியிருக்கிறோம், அதுவும் போதாது. செங்டூ அருகே லாவ்குவான்ஷான் ஹான் காலக் கல்லறையில் கிடைத்த தறி மாதிரிகளை வைத்து இவர்கள் முழு அளவில் ஒரு தறியைக் கட்டிவிட்டார்கள். 1995-இல் ஷின்ஜியாங் பாலைவனத்து நியா இடிபாடுகளில் கிடைத்த ‘கிழக்கில் ஐந்து நட்சத்திரம்’ என்ற முன்கை உறையின் துணியை அதிலேயே மறுபடி நெய்தும் பார்த்தார்கள்.

இங்கே நாங்கள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று. சாங்ஷா ஊரில் மவாங்துய் கல்லறையை 1972-இல் தோண்டியபோது, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இறந்த சின் சுய் என்ற சீமாட்டியின் மேலங்கி கிடைத்தது. முழுக்கையோடு எடை 49 கிராம். அதைப்போல ஒன்று செய்யப் புறப்பட்டவர்களின் முதல் முயற்சி 80 கிராமைத் தாண்டியது. நெய்தவர்கள் கை சுத்தம்தான். இரண்டாயிரம் வருஷத்தில் பட்டுப்புழு கொழுத்துவிட்டது, அது கக்கும் இழையும் தடித்துவிட்டது. மெலிந்த புழுவை வளர்ப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

கூட்டை வேகவைப்பதைப் பார்க்க எனக்கு மனம் வராது. தவிர்க்கலாமா?

தவிர்க்கலாம். இழை அறுபடாமல் வர வேண்டும் என்றால் புழு வெளியே வரும் முன் கூட்டை வெந்நீரில் போட்டாக வேண்டும், இதில் மறைக்க ஒன்றுமில்லை. அந்த ஒரு மணி நேரம் மேற்கு ஏரிக் கரையில் உட்காரலாம், துணைக்கு ஒருவர் வருவார். வெந்த கூட்டுப்புழுவைத் தின்பவர்கள் உண்டு, சந்தையில் தட்டில் பார்த்தால் திடுக்கிடாதீர்கள்.

பட்டு மெத்தை விற்கும் ‘தொழிற்சாலை’க்குக் கூட்டிப் போவீர்களா?

மாட்டோம். சீனாவின் 2013 சுற்றுலாச் சட்டமே கட்டாய ஷாப்பிங்கைத் தடை செய்கிறது. ஆனாலும் மலிவான பயணங்களில் அது ஏதாவது ஒரு வேஷத்தில் எட்டிப் பார்க்கும். நாங்கள் முதன்முதலில் வேறொரு ஏற்பாட்டாளரோடு போனபோது இரண்டரை மணி நேரம் மெத்தைக் கடையில் உட்கார்ந்திருந்தோம், தறியைப் பார்க்கக் கிடைத்தது இருபது நிமிஷம். இந்தப் பயணத்தை நாங்களே நடத்த ஆரம்பித்ததற்கு அந்த இரண்டரை மணி நேரம்தான் காரணம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கடைகளில் காட்டும் செய்முறை உண்மையானது. இரண்டு புழு சேர்ந்து ஒரே கூடு கட்டிவிட்டால் இழைகள் சிக்கிக்கொள்ளும், நூலாக இழுக்க முடியாது. அந்த இரட்டைக் கூட்டை நனைத்து, சின்ன வில்லில் மாட்டி விரித்து, பிறகு நாலு மூலையில் நாலு பேர் பிடித்து இழுத்து மெத்தை அளவுக்கு ஒட்டடைபோலப் பரப்புவார்கள். அருங்காட்சியகத்திலேயே இதைப் பற்றிச் சொல்கிறோம். மெத்தை வேண்டுமானால் உங்கள் நேரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குவேய்சௌவுக்கு ஏன் ஆறு நாள்?

முதல் பாதியில் பார்ப்பது அரசருக்கு நெய்த துணி. இங்கே பார்ப்பது தனக்கும் தன் மகளுக்கும் நெய்துகொள்ளும் துணி. ஹாங்சௌவிலிருந்து குவேய்யாங்குக்கு விமானம், அங்கிருந்து காய்லிக்கு அதிவேக ரயிலில் முக்கால் மணிகூட ஆகாது. அப்புறம் மலைப்பாதைதான்.

டான்சாய் பகுதியில் மியாவ் என்ற சிறுபான்மை இனத்துப் பெண்கள் மெழுகுச் சாயத் துணி செய்கிறார்கள். நம் ஊரில் பத்திக் என்கிறோமே, அந்த முறை. கருவி, மூங்கில் குச்சியில் செப்புத் தகடுகளை அடுக்கிக் கட்டிய சின்னக் கத்தி. தேன்மெழுகு கிண்ணத்தில் இளஞ்சூட்டில் இருக்கும். சூடு கூடினால் மெழுகு பரவிக் கோடு தடித்துவிடும், குறைந்தால் துணிக்குள் இறங்காது. பென்சில் கோடு கிடையாது. நாங்கள் போகும் வீட்டில் அம்மா ஒருவர் துணியை ஒருமுறை மடித்து நகத்தால் கோடு கீறிக்கொள்வார். அப்புறம் சுழிச் சுழியாகக் கத்தி ஓடும், நிமிர்ந்தே பார்க்க மாட்டார். இடையில் பேரனைத் திட்டுவார், சுழி மட்டும் பிசகாது.

மெழுகு காய்ந்ததும் அவுரித் தொட்டி. அவர்களுடைய நீலச் செடி நம் அவுரியின் சொந்தம் இல்லை, வேறு இனம். சாயம் ஒன்றுதான். தொட்டியில் சாம்பல் நீரும் அரிசி மதுவும் ஊற்றிப் புளிக்க வைக்கிறார்கள். நீலம் தண்ணீரில் கரையாது. புளித்தால்தான் கரைந்து இழைக்குள் இறங்கும். தொட்டி தினமும் கொஞ்சம் குடித்தால்தான் வேலைக்கு வரும் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னது இப்போது பயணத்தின் நிரந்தர ஜோக். துணியை வெளியே எடுக்கும்போது மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து நீலம் ஏறும், ஓரிரு நிமிஷத்தில் முழுத் துணியும் மாறிவிடும். திண்டிவனம் பக்கத்து அவுரித் தொட்டிகளைப் பார்த்தவர்கள்கூட இந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறார்கள்.

ஷிடோங்கில் மியாவ் தையல். இங்கேயும் பட்டு இழையைப் பிரிக்கிறார்கள், சூச்சௌவில் பார்த்த அதே வித்தை. பிரித்த இழையை ஒரு காயின் சாற்றில் நனைத்து இழுத்து வழவழப்பாக்கித் தைக்கிறார்கள். மியாவ் மக்களுக்கு மரபாக எழுத்து இல்லை. கதைகள் பாட்டிலும் சட்டைக் கையிலும்தான் இருக்கின்றன. மேப்பிள் மரத்தில் பிறந்த பட்டாம்பூச்சித் தாய் பன்னிரண்டு முட்டை இட்டாள், அதில் ஒன்றிலிருந்து வந்தவன்தான் முதல் மனிதன் ஜியாங் யாங். நீங்கள் பார்க்கும் பட்டாம்பூச்சி ஒவ்வொன்றும் அந்தத் தாய். அழகுக்குப் போட்டது என்று நினைத்துக்கொண்டு ‘இந்தப் பூச்சி இல்லாமல் ஒன்று கிடைக்குமா’ என்று கேட்டுவிடாதீர்கள். ஒருவர் கேட்டார்.

கடைசியாக சாவ்சிங், டோங் என்ற இன்னொரு சிறுபான்மை இனத்தவரின் ஊர். ஐந்து முரசுக் கோபுரங்கள் நிற்கும் ஊரில் காலையில் எழுப்பிவிடுவது மரச்சுத்தியல் சத்தம். பருத்தித் துணியைப் பலமுறை நீலத்தில் முக்கி, மாட்டுத்தோல் பசை பூசி, வேகவைத்து, கல்மேல் மடித்து வைத்து அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், முட்டை வெள்ளைக் கருவும் பூசுகிறார்கள். கடைசியில் துணி செம்பு பூசியதுபோல ஊதா கலந்து பளபளக்கும். மழை நீர் அதில் முத்தாக உருளும்.

சிஜியாங் ‘ஆயிரம் வீட்டு’ மியாவ் ஊருக்குப் போகிறோமா?

ஒரு காலைப்பொழுது மட்டும். மலைச்சரிவு முழுக்க மர வீடுகள், பார்க்க அழகுதான். தெரு முழுக்க வாடகை மியாவ் உடை, போட்டோ, டிரம். கடைகளில் தொங்கும் ‘கைத்தையல்’ பெரும்பாலும் மெஷின். எங்களுக்கு அங்கே இரவு தங்குவதில் விருப்பம் இல்லை.

நாமே கையால் செய்து பார்க்கலாமா?

மூன்று இடத்தில். சென்ஹூவில் ஓர் இலை தைக்கலாம், டான்சாயில் கைக்குட்டை அளவில் மெழுகுச் சாயம், சாவ்சிங்கில் துணி அடிக்கலாம். அடிப்பது சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள், கால் மணி நேரத்தில் தோள்பட்டை பதில் சொல்லும். நீலம் நகத்தில் ஒரு வாரம் நிற்கும். திரும்பிய வாரத்தில் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் கையுறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கைவேலையா மெஷினா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்பக்கத்தைத் திருப்புங்கள். மெஷின் தையலில் அடியில் வெள்ளையாகவோ ஒரே நிறமாகவோ இரண்டாவது நூல் ஓடியிருக்கும். கைத்தையலில் நிறத்துக்கு நிறம் நூல் மாறும், தாவும், தடுமாறும். மெழுகுச் சாயத்தில் மெழுகு உடைந்த விரிசல்கள் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருந்தால் அது அச்சு. பட்டா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை, விரலில் பொடியாகும் சாம்பல் என்றால் பட்டு. உருகி உருண்டையானால் பாலியஸ்டர். கடைக்காரரைக் கேட்டுவிட்டுக் கொளுத்துங்கள். நல்ல கடையில் அவரே லைட்டரை நீட்டுவார்.

விலை பேசுவதைப் பற்றி எங்கள் கருத்து: கடைத்தெருவில் பேசுங்கள். தைத்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது பேசாதீர்கள். ஒரு சட்டைக் கைக்குச் சில மாதம் போயிருக்கும்.

பழைய துணி வாங்கி வரலாமா?

எச்சரிக்கை. 1911-க்கு முந்தைய கலைப்பொருள் எதையும் சீனாவைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சிறுபான்மை இனத்தவரின் பொருள்களில் பண்பாட்டு மதிப்புள்ளவற்றுக்கு 1966 வரைக்கும் கட்டுப்பாடு நீள்கிறது. ‘என் கொள்ளுப்பாட்டியின் முதுகுத்துணி’ என்று யாராவது காட்டினால், அது பொய்யாக இருந்தால் உங்கள் பணம் போச்சு, நிஜமாக இருந்தால் விமான நிலையத்தில் துணியும் போச்சு. புதிதாகச் செய்தவர்களிடம் பில்லோடு வாங்குங்கள்.

நாங்கள் சைவம். சாப்பாடு?

இதைக் கேட்காத ஆளே இல்லை. சூச்சௌ சமையலில் சர்க்கரை தூக்கல், குவேய்சௌவில் புளிப்பும் மிளகாயும். நமக்குக் குவேய்சௌதான் நாக்குக்குப் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால், கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், சூப்பின் அடியில் எலும்பு வெந்திருக்கும், சிப்பி சாஸ் எதில் வேண்டுமானாலும் இருக்கும். ‘வோ ச்சி ஸூ’ என்றால் ‘நான் சைவம்’. அதோடு விடாமல், எண்ணெய் எது, சூப் எது என்று எங்கள் வழிகாட்டி சமையலறைக்குள்ளேயே போய்க் கேட்பார். புத்த மடங்களை ஒட்டிய சைவ உணவகங்களில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. குவேய்சௌவில் ஒரு வேர் சாலட் தருவார்கள், ஜெர்கன் என்று பெயர். சுத்த சைவம்தான், மீன் வாடை அடிக்கும். தெரிந்து எடுங்கள்.

ரயிலிலும் விடுதியிலும் எந்நேரமும் வெந்நீர் கிடைக்கும். உப்புமா மிக்ஸ், பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுவாருங்கள். பழம், பால் பொருள், இறைச்சி வேண்டாம்.

விசா?

இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் வேண்டும். சிங்கப்பூர், மலேசியாக் கடவுச்சீட்டுக்கு 30 நாள்வரை விசா தேவையில்லை. அழைப்புக் கடிதம், விடுதி விவரம் நாங்கள் தருகிறோம், படிவத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

பணம், போன்?

அலிபேயிலோ வீசாட்டிலோ உங்கள் வெளிநாட்டு கார்டைப் புறப்படும் முன்பே இணைத்துவிடுங்கள். வெற்றிலைப் பாக்குக் கடை அளவிலான கடையிலும் கியூஆர் அட்டைதான். மியாவ் பாட்டிமார்களுக்கு மட்டும் சில்லறை நோட்டு வைத்திருங்கள். அங்கே கூகுள், வாட்ஸப், யூடியூப் திறக்காது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டு வந்தால் பொதுவாக வேலை செய்கிறது. விடுதி வைஃபையை நம்பி, வீட்டுக்கு ‘வந்து சேர்ந்துவிட்டேன்’ என்று சொல்ல முடியாமல் தவித்தவர்கள் உண்டு.

தையல் பெட்டி எடுத்து வரலாமா?

ஊசி, நூல் சரி. கத்தரிக்கோல் வேண்டாம். ரயில் நிலையங்களில் விமான நிலையம்போலவே பையை எக்ஸ்ரே பார்ப்பார்கள். எங்களில் ஒரு அம்மா முப்பது வருஷமாகத் தன்னிடம் இருந்த துணிக் கத்தரியைச் சூச்சௌ ரயிலடியில் விட்டுவிட்டு வந்தார், அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. பவர் பேங்க்கில் ‘3சி’ என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லை என்றால் உள்நாட்டு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், 2025 ஜூன் கடைசியிலிருந்து இந்த விதி.

முழங்கால் வலி இருக்கிறது, சமாளிக்கலாமா?

முதல் பாதியைச் சமாளிக்கலாம். குவேய்சௌ ஊர்களில் கல் படிகள், லிஃப்ட் இல்லாத மர விடுதிகள், பல இடங்களில் குத்துக்கால் கழிப்பறை. படி ஏறுவது சிரமம் என்றால் சூச்சௌ, நான்ஜிங், ஹாங்சௌ மட்டும் வந்து ஷாங்காய் வழியே திரும்பலாம்.

எப்போது வருவது நல்லது?

வசந்தத்திலும் அக்டோபர் பிற்பகுதியிலும் இரண்டு பயணம். மே 1, அக்டோபர் 1 விடுமுறை வாரங்களைத் தொடவே மாட்டோம், நாடே ரயிலில் இருக்கும். ஜூனில் ஹாங்சௌ பக்கம் ‘பிளம் மழை’, எல்லாம் பூஞ்சை பிடிக்கும். குவேய்சௌவுக்கு எப்போதும் குடை வேண்டும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடிக்காத ஊர் என்பது சீனர்களே சொல்வது.

ஷின்ஜியாங் பட்டு பார்க்க ஆசை. ஏன் சேர்க்கவில்லை?

ஹோத்தானின் அட்லஸ் பட்டு அருமையானது. பாவு இழைகளைக் கட்டிச் சாயம் போட்ட பிறகு நெய்வார்கள். தொலைவு ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் பகுதியில் உய்குர் மக்களிடம் கட்டாய வேலை வாங்கப்படுவதாகக் குற்றச்சாட்டு இருக்கிறது, சீன அரசு மறுக்கிறது. அமெரிக்கா 2022-இலிருந்து அங்கிருந்து வரும் பொருள்களைச் சட்டம் போட்டு நிறுத்தியிருக்கிறது. நெய்கிறவரோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேச முடியாத இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போக எங்களுக்கு விருப்பமில்லை.

தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் வழியில் வருமா?

சுவான்சௌ. வழியில் இல்லை. அங்கே 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது, சிவன் கோயில் ஒன்று இருந்ததைச் சொல்கிறது. காய்யுவான் புத்த மடத்தில் நம் ஊர்ச் சிற்பியின் கை தெரியும் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அரபு வணிகர்கள் இந்தத் துறைமுகத்தை ஸைத்தூன் என்றார்கள், ‘சாட்டின்’ என்ற சொல்லே அதிலிருந்து வந்தது என்பது பலரும் சொல்லும் விளக்கம். க்வாங்சௌவில் பிரிந்து ரயிலில் போக விரும்பும் நாலு பேர் சேர்ந்தால் இரண்டு நாள் கூட்டிப் போகிறோம். இதுவரை ஒவ்வொரு முறையும் சேர்ந்திருக்கிறார்கள்.

க்வாங்சௌவில் என்ன?

ரயிலில் நாலு மணி நேரம் இறங்கி வந்தால் வெயிலும் வியர்வையுமாகச் சென்னை மாதிரி இருக்கும். ஷுன்டே பக்கம் சேற்றுப் பட்டு செய்கிறார்கள். வள்ளிக்கிழங்கு இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கின் செந்நிறச் சாற்றில் பட்டை முக்கி, புல்வெளியில் விரித்து வெயிலில் காயவைத்து, மறுபடி முக்கி, இப்படிப் பல முறை. கடைசியில் ஒரு பக்கம் மட்டும் ஆற்றுச் சேற்றைப் பூசுவார்கள். சேற்றில் இருக்கும் இரும்பு கிழங்கின் துவர்ப்போடு சேர்ந்து அந்தப் பக்கத்தைக் கருப்பாக்கும், மறுபக்கம் பழுப்பாகவே நிற்கும். நடந்தால் சரசரக்கும். வெக்கைக்கு இதைவிட நல்ல துணி நாங்கள் உடுத்தியதில்லை. மழை நாளில் வேலை நடக்காது, அன்று சென் குல மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டியதுதான்.

வாங்கி வந்ததை எப்படித் துவைப்பது?

அவுரித் துணியை முதல் இரண்டு மூன்று முறை தனியாக, பச்சைத் தண்ணீரில். நீலம் கொஞ்சம் விடும், பயப்பட வேண்டாம். தையல் வேலையை மடிக்காமல் சுருட்டி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள், நாஃப்தலீன் உருண்டை தங்க இழையைத் தொடக்கூடாது. சேற்றுப் பட்டை சோப்பில்லாமல் அலசி நிழலில் உலர்த்துங்கள், தேய்க்காதீர்கள். டோங் பளபளப்புத் துணியைத் துவைக்கவே கூடாது. முட்டைக் கருவும் பசையும் கரைந்து மினுமினுப்பு போய்விடும். சாவ்சிங்கில் எங்களுக்கு விற்ற பெண்மணி இதைச் சொல்லிவிட்டு, வாடை அடித்தால் காற்றாட மாட்டு, அதற்கும் போகாவிட்டால் என்னிடம் கொண்டுவா, மறுபடி அடித்துத் தருகிறேன் என்றார்.